சாந்தகுணம் என்றால் குனிந்துபோவதா?

சம்பளப் பேச்சு இழுபடும் ஒவ்வொரு முறையும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் ஒரு கேள்வி தலைகாட்டும். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல் வேலைநிறுத்தத்தில் உட்காரலாமா? விசுவாசி கோஷம் போடலாமா? “வேதம் சாந்தமா இருக்கச் சொல்லுதே” என்பார் ஒருவர். “சாந்தம் சாந்தம்னு சொல்லித்தானே இருநூறு வருஷமா லயத்துலயே வச்சிருக்காங்க” என்பார், லயம் எனும் வரிசை வீடுகளைக் காட்டி, அடுத்தவர். இரண்டு பேரும் கையில் வைத்திருப்பது ஒரே வசனம், மத்தேயு 5:5.

இந்தக் குழப்பத்தில் பாதி சொல்லிலிருந்து வருகிறது, மீதி இந்த மலைகளின் வரலாற்றிலிருந்து வருகிறது. முதலில் சொல்லைப் பார்ப்போம்.

## சொல்லுக்குள் என்ன இருக்கிறது

நம் பக்கத்தில் அதிகம் புழங்குவது இரண்டு தமிழ் வேதாகமங்கள். புரட்டஸ்தாந்து சபைகளில் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, “சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்வார்கள்” என்கிறது. கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கப்படும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு, “கனிவுடையோர் பேறுபெற்றோர், ஏனெனில் அவர்கள் நாட்டை உரிமைச்சொத்தாக்கிக் கொள்வர்” என்கிறது. சாந்தகுணம் என்றதும் வாயைத் திறக்காத ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. கனிவு என்றதும் இளகிய மனசுக்காரர் ஒருவர் வருகிறார். மூலத்தில் உள்ள சொல் இந்த இரண்டு முகங்களுக்கும் அடங்காது.

கிரேக்கத்தில் அது ‘பிராவுஸ்’. மனிதருக்கு மட்டுமல்லாமல் பழக்கப்பட்ட மிருகத்துக்கும் கிரேக்கர் இந்தச் சொல்லைச் சொன்னார்கள். பழக்கிய குதிரைக்கு ஓட்டமும் பலமும் குறைவதில்லை. கடிக்காது, உதைக்காது, அவ்வளவுதான். நோஞ்சான் குதிரையைப் பழக்க வேண்டிய வேலையே இல்லை.

இயேசு இந்த வாக்கியத்தைப் புதிதாக உண்டாக்கவில்லை. சங்கீதம் 37:11இல் இருப்பதைத்தான் எடுத்துச் சொன்னார். அங்கே எபிரேயச் சொல் ‘அனாவ்’. இது ஏழை, ஒடுக்கப்பட்டவன் என்று பொருள்படும் சொற்களோடு ஒரே வேரில் பிறந்தது. ஆக, கிரேக்கச் சொல்லில் பலம் கைக்குள் நிற்கிறது. எபிரேயச் சொல்லில் மிதிபட்டவன் கடவுளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தமிழில் ‘சாந்தம்’ என்று ஒரே சொல்லாக வரும்போது இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றன.

‘சுதந்தரித்துக்கொள்வார்கள்’ என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைய காதுக்கு அது சுதந்திரம் என்பதுபோலக் கேட்கும். பழைய கிறிஸ்தவத் தமிழில் சுதந்தரம் என்றால் வாரிசு வழியாக வரும் சொத்து, சுதந்தரவாளி என்றால் வாரிசுக்காரர். நம் பேச்சில் சொன்னால், இந்த வசனம் காணியைப் பற்றிப் பேசுகிறது. அதற்குக் கடைசியில் திரும்பி வருவோம்.

## எவையெல்லாம் சாந்தம் ஆகாது

1. பயம் சாந்தம் ஆகாது. தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் சத்தம் கேட்டதும் பேச்சு நிற்பது பயம். பயத்தில் தப்பு ஒன்றுமில்லை. பேர் வெட்டப்படும், அதாவது அன்றைய கூலி போய்விடும் என்றால் யாருக்கும் பயம் வரும். அதற்குப் புண்ணியத்தின் பெயர் வைப்பதுதான் தப்பு.

2. பிறவிச் சுபாவம் சாந்தம் ஆகாது. சிலர் பிறந்ததிலிருந்தே அமைதி. கலாத்தியர் 5ஆம் அதிகாரம் சாந்தத்தை ஆவியின் கனிகளில் ஒன்றாக எண்ணுகிறது. கனி என்றால் காலம் எடுத்துக் காய்த்துப் பழுப்பது, கோபக்காரரிடத்திலும் காய்க்கக்கூடியது.

3. மரத்துப்போவதும் சாந்தம் ஆகாது. அரிஸ்டாட்டில் இந்தக் குணத்தை அலசும்போது, கோபப்பட வேண்டிய விஷயத்தில், கோபப்பட வேண்டிய ஆளிடம், தகுந்த விதத்தில், தகுந்த நேரத்தில் கோபப்படுகிறவனைப் புகழ்கிறார். தன்னையும் தன் ஆட்களையும் இழிவுபடுத்தும்போது சும்மா இருப்பது அடிமைக் குணம் என்கிறார். அடிமைமுறையை நியாயப்படுத்தியவரும் இதே மனுஷர்தான் என்பது வேறு கதை. பிற்காலத்தில் தாமஸ் அக்குவினாஸ் சாந்தத்தை மட்டுமிதம் என்ற ஒழுக்கத்தின் கீழ் வைத்து, கோபத்தை அளவுக்குள் நிறுத்துவது அதன் வேலை என்றார். கோபமே இல்லாவிட்டால் அளவு பார்க்க என்ன இருக்கிறது?

4. தாழ்மையும் சாந்தமும் அக்கா தங்கை மாதிரி, ஆனால் ஒரே ஆள் இல்லை. “நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்” என்று மத்தேயு 11:29 இரண்டையும் தனித்தனியே சொல்கிறது. தாழ்மை நான் என்னை எப்படிப் பார்க்கிறேன் என்பது. சாந்தம் நான் மற்றவரிடம் எப்படி நடக்கிறேன் என்பது.

## அறை வாங்கியவர் கேட்ட கேள்வி

வேதத்தில் சாந்தத்துக்கு முதல் சான்றிதழ் மோசேக்குத்தான். “மோசேயானவன் பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவனாயிருந்தான்” என்கிறது எண்ணாகமம் 12:3. யார் இந்த மோசே? ஓர் எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் புதைத்தவர். பார்வோன் முன்னால் போய் நின்று ஜனங்களை விடு என்று கேட்டவர். ஜனங்கள் கும்பிட்ட பொன் கன்றுக்குட்டியைக் கண்ட கோபத்தில் கற்பலகைகளை மலையடியில் போட்டு உடைத்தவர்.

அந்தச் சான்றிதழ் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். கூடப் பிறந்த மிரியாமும் ஆரோனும் அவர் மனைவியைச் சாட்டிக் குறைபேசி, கர்த்தர் மோசேயோடு மட்டுமா பேசினார், எங்களோடும் பேசவில்லையா என்று கேட்ட இடத்தில். மோசே தன் தரப்பை நியாயப்படுத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிரியாமுக்குத் தொழுநோய் வந்தபோது அவளைக் குணமாக்கும்படி வேண்டிக்கொண்டார். ஜனங்களின் விடுதலைக்காக வாய் திறந்தவர் தன் மரியாதைக்காகத் திறக்கவில்லை. சாந்தத்தின் எல்லைக்கோடு இங்கேதான் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

அதே மோசே ஒரு தடவை சறுக்கினார். மேரிபாவில் தண்ணீர் கேட்டு முரண்டுபிடித்த ஜனங்களைப் பார்த்துக் கலகக்காரரே என்று கத்திக் கன்மலையை இரண்டு தரம் அடித்தார். 106ஆம் சங்கீதம் அதை ‘உதடுகளினால் பதறிப்பேசினான்’ என்று குறித்து வைத்திருக்கிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, வாக்களிக்கப்பட்ட தேசத்துக்குள் அவர் கால் வைக்க முடியாமல் போயிற்று.

‘பிராவுஸ்’ என்ற அந்தப் பெயரடை புதிய ஏற்பாட்டில் மொத்தம் நான்கே இடங்களில் வருகிறது. மூன்று மத்தேயுவில், அதில் இரண்டு இயேசுவைப் பற்றியவை. 21:5இல் கழுதையின்மேல் ஏறி எருசலேமுக்கு வரும் ராஜா ‘பிராவுஸ்’. அதே அதிகாரம் 12ஆம் வசனத்தில் அவர் ஆலயத்துக்குள் போய்க் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்க்கிறார். இடையில் சுபாவம் மாறிவிட்டதாக மத்தேயு எழுதவில்லை. வந்தவரும் கவிழ்த்தவரும் ஒருவர்தான்.

நான்காவது இடம் 1 பேதுரு 3:4. அங்கே மனைவிமாருக்குச் சொல்லப்படுகிறது: ‘சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி’. கல்யாண வீட்டுப் பிரசங்கங்களில் இந்த ஒன்றைத்தான் அதிகம் கேட்கிறோம். இயேசுவுக்குச் சொன்ன அதே சொல் அது. பெண்களுக்கென்று ஒதுக்கிய நகை போல அதை மாட்டிவிடுவது நான்கில் மூன்றை மறைத்துவிட்டுப் படிப்பது.

என் பார்வையில் சாந்தத்துக்கு மிகத் தெளிவான காட்சி யோவான் 18இல் இருக்கிறது. பிரதான ஆசாரியன் முன்னால், கட்டப்பட்ட கைகளோடு நிற்கும் இயேசுவை ஒரு சேவகன் கன்னத்தில் அறைகிறான். மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவர் அவர். இப்போது என்ன செய்தார்? “நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, திட்டவில்லை, சாபமும் போடவில்லை. ஆனால் அடித்தது சரி என்று விட்டுவிடவும் இல்லை. ஆதாரம் கேட்டார், காரணம் கேட்டார். சேவகன் பதில் சொன்னதாக யோவான் எழுதவில்லை.

## செல்லிடத்தும் அல்லிடத்தும்

இதை அளக்க வள்ளுவர் ஒரு கோல் வைத்திருக்கிறார்.

“செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கின்என் காவாக்கால் என்”

கோபம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குகிறவனே அடக்குகிறவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? கிறிஸ்தவ நூல் இல்லைதான். ஆனாலும் மத்தேயு 5:5க்கு இதைவிட நல்ல தமிழ் உரை கிடைப்பது கஷ்டம்.

இந்தக் கோலை ஒரு சராசரி நாளில் வைத்துப் பாருங்கள். காலையில் சின்னத் துரை எல்லார் முன்னாலும் ஏசுகிறார். கேட்டவர் தலையைக் குனிந்து “சரிங்க ஐயா” என்கிறார். சாயங்காலம் அதே மனிதர் ஒரு போத்தலை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சோறு ஆறிப்போனதற்காக மனைவியின் மேல் கையை ஓங்குகிறார். காலையில் அவர் காட்டியது சாந்தமா? இல்லை. அங்கே கோபம் செல்லாது, அதனால் அடங்கியது. அது செல்லுபடியாகும் இடம் லயத்துக்குள் இருக்கும் அந்தப் பத்தடிக் காம்பரா. சாந்தத்துக்குப் பரீட்சை நடந்தது அங்கேதான், அவர் தோற்றதும் அங்கேதான்.

அப்படியானால் இந்த உபதேசம் முதலில் யாருக்குப் போக வேண்டும்? அதிகாரம் கையில் உள்ளவருக்கு. துரைக்கு, கணக்கப்பிள்ளைக்கு, சங்கத் தலைவருக்கு, சபை நடத்தும் பாஸ்டருக்கு, வீட்டில் புருஷனுக்கு, மருமகளை வைத்திருக்கும் மாமியாருக்கு. நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. மருமகளிடமிருந்துதான் பிரசங்கம் ஆரம்பிக்கும்.

## இந்த மலைகளில் அந்தச் சொல்லின் கதை

ஏன் தலைகீழானது என்பதற்கு இங்கே ஒரு பழைய காரணம் உண்டு. தோட்டத் தமிழருக்கென்று ஆங்கிலிக்கன் மிஷனரிகள் 1854இல் தொடங்கிய பணிக்குப் பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. கோப்பிக் காலம் அது. தோட்டம் தோட்டமாக நடந்துபோன தமிழ் உபதேசிமாருக்கான செலவில் கிறிஸ்தவத் துரைமார் கொடுத்த பணமும் இருந்தது. உபதேசியார் எல்லாரும் துரைக்காகப் பேசினார்கள் என்று சொன்னால் அநியாயம். எழுத்தறிவைக் கொண்டுவந்ததிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனாலும் பிரசங்கிக்குச் சம்பளம் கொடுக்கிறவரும் கேட்கிறவருக்குப் பேர் போடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில், ‘சாந்தமாயிருங்கள்’ என்ற வார்த்தை எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் இந்துக்கள், கிறிஸ்தவர் சிறுபான்மை. “அது துரை மதம்” என்ற பழைய பேச்சுக்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம்.

மற்றப் பக்கமும் உண்டு. இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காகப் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தார். அதே வேதத்தைத்தான் அவரும் வாசித்தார்.

பிரசங்கங்களில் ஓர் உவமை அடிக்கடி வரும்: கவ்வாத்து. தேயிலையைச் சும்மா விட்டால் முப்பது அடிக்கு மேலும் மரமாக வளர்ந்துவிடும். சில வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி இடுப்பளவில் நிறுத்துவதால்தான் அதன் பலம் எல்லாம் கொழுந்தாக வருகிறது. அடக்கிய பலம்தான் சாந்தம் என்று காட்ட இது அழகான உவமைதான், மலையகத்துக்காரருக்கு உடனே பிடிபடும். ஆனால் ஓர் இடத்தில் இடறுகிறது. செடியைக் கவ்வாத்து செய்கிறவர் கொழுந்தின் லாபத்துக்காகச் செய்கிறார். செடி தானாகக் குனிவதில்லை. சாந்தத்தில் ஒருவர் தன் பலத்தைத் தானே கடவுள் கையில் கொடுக்கிறார். கத்தி வேறொருவர் கையில் இருந்தால் அதற்கு அடக்குமுறை என்று பெயர்.

## மடுவத்தில் ஒரு நிமிஷம்

சரி, நடைமுறையில் இது எப்படி இருக்கும்? பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில் நிறுவை நேரத்தை எடுத்துக்கொள்வோம். மத்தியானம் வரை மலையில் நின்ற ஒரு அம்மா கொழுந்தைத் தராசில் தொங்கவிடுகிறார். முள் ஓரிடத்தில் நிற்கிறது. துண்டில் எழுதப்படுவது அதைவிட இரண்டு கிலோ குறைவாக இருக்கிறது. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிவு. அன்றைக்குரிய கிலோவுக்கு அந்த இரண்டு கிலோதான் குறைகிறது என்றால், முழுப் பேர் அரைப் பேராகிவிடும்.

அவர் முன்னால் மூன்று வழி இருக்கிறது.

1. ஒன்றும் பேசாமல் துண்டை வாங்கிக்கொண்டு போய், இரவெல்லாம் வயிறு எரிவது. வெளியில் இருந்து பார்த்தால் இதுதான் சாந்தம் போலத் தெரியும்.

2. சாக்கைத் தூக்கி எறிந்து, கணக்கப்பிள்ளையின் தாயையும் இழுத்து ஏசுவது. கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். மறுநாள் பேச்சு கழிவை விட்டுவிட்டு ஏச்சுக்குத் தாவிவிடும்.

3. “ஐயா, இன்னைக்கு நல்ல வெயிலுங்க. ஈரத்துக்கு எதுக்குக் கழிக்கிறீங்க? சாக்கு எத்தனை கிலோன்னு தனியா நிறுத்துக் காட்டுங்க” என்று, குரலை உயர்த்தாமல், பின்னால் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்பது.

மூன்றாவதுதான் யோவான் 18இன் கேள்வி. ‘தகாததை ஒப்புவி.’ இதற்கு முதல் இரண்டைவிட அதிக தைரியம் வேண்டும், ஏனென்றால் கோபம் தரும் சூடு இதில் உதவிக்கு வராது. அன்றைக்கே கழிவு நின்றுவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் பின்னால் நின்ற பத்துப் பேரும் கேள்வியைக் கேட்டாயிற்று.

## அப்படியானால் வேலைநிறுத்தம்?

இதற்கு எதிராக எடுத்துக் காட்டப்படும் வசனம் 1 பேதுரு 2:18: வேலைக்காரர், நல்லவர்களும் சாந்தகுணமுள்ளவர்களுமான எஜமான்களுக்கு மாத்திரமல்ல, முரட்டுக்குணமுள்ளவர்களுக்கும் கீழ்ப்படிய வேண்டும். கடினமான வசனம், அதைச் சுற்றிப் போய்த் தப்பிக்கக்கூடாது. ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்கலாம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த வசனத்தில் சாந்தகுணம் எஜமானுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாவது, பேதுரு எழுதியது ரோம சாம்ராஜ்யத்தின் வீட்டு அடிமைகளுக்கு; சங்கமோ, சட்டமோ, சம்பளச் சபையோ இல்லாதவர்களுக்கு. சட்டம் வேலைநிறுத்த உரிமை கொடுத்திருக்கும் நாட்டில், அந்த உரிமையைச் சட்டப்படி பயன்படுத்துவதை முரட்டாட்டம் என்று சொல்ல இந்த வசனத்தில் இடமில்லை. கல் எறிவது, வேலைக்குப் போன பக்கத்து லயத்துக்காரரை வழியில் மறித்து அடிப்பது எல்லாம் வேறு கணக்கு. அங்கே சாந்தம் போய்விட்டது என்று தாராளமாகச் சொல்லலாம்.

சாந்தத்தைப் பற்றி அதிகம் எழுதிய பவுல் பிலிப்பி பட்டணத்தில் நடந்துகொண்டதும் கவனிக்க வேண்டியது. அவரையும் சீலாவையும் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் காலை சத்தமில்லாமல் போய்விடச் சொன்னார்கள். பவுல் நகரவில்லை. ரோமராகிய எங்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு, இரகசியமாய் விடுவதா, அவர்களே வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்தார்கள். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

பவுலால் அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவரிடம் குடியுரிமை இருந்தது.

## பூமி யாருக்கு

மலையகத்தில் தோட்டத் தமிழருக்கு அந்தக் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இல்லாமல் ஆக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மனிதர்களைத் தொகை போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவெடுப்பதாக விட்டுவிட்டார்கள். நாடற்றிருந்த கடைசிப் பேருக்கும் வழி திறந்த சட்டம் வந்தது 2003இல். இப்படிப்பட்ட ஜனங்களுக்கு முன்னால் ‘அவர்கள் நாட்டை உரிமைச்சொத்தாக்கிக் கொள்வர்’ என்று வாசிப்பது, காணி உறுதியோடு வீட்டில் இருப்பவர் முன்னால் வாசிப்பது போல இருக்காது.

37ஆம் சங்கீதத்தை முழுவதும் படித்தால் இது இன்னும் துலங்கும். பூமியைச் சுதந்தரிப்பது என்ற பேச்சு அந்த ஒரே சங்கீதத்தில் ஐந்து தரம் வருகிறது. நிலம் துன்மார்க்கர் கையில் இருக்கிறது, அவர்கள் பட்டயத்தை உருவி நிற்கிறார்கள், கடன் வாங்கித் திருப்பிக் கொடுப்பதில்லை. அதைப் பார்த்து எரிகிறவனிடம்தான், எரிச்சலடையாதே, நன்மைசெய், கர்த்தருக்குக் காத்திரு என்று சங்கீதக்காரன் சொல்கிறான். நிலப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றோ, நிலம் முக்கியமில்லை, பரலோகத்தைப் பார் என்றோ அவன் சொல்லவில்லை. எபிரேயத்தில் அங்கே வரும் சொல்லுக்கு மண், நாடு, பூமி என்ற எல்லா அர்த்தமும் உண்டு. மறுமையைப் பற்றிய நம்பிக்கை இந்த வசனத்தில் இருக்கிறது என்பதைச் சபை எப்போதும் சொல்லி வந்திருக்கிறது, சரிதான். ஆனால் மண்ணை முற்றிலும் கழித்துவிட்டு அதை வாசிக்க முடியாது.

காத்திரு என்றால் கையைக் கட்டிக்கொண்டு இரு என்று அர்த்தமா? 2023இல், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து முதல் கூட்டம் வந்ததாகச் சொல்லப்படும் 1823இலிருந்து இருநூறு ஆண்டை நினைத்து, கிறிஸ்தவ அமைப்புகளும் சேர்ந்து முன்னெடுத்த நடைபயணம் ஒன்று ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கியது. பாட்டன் பூட்டன் கால்நடையாக வந்த அதே வழி. யாரையும் அடிக்கப் போகவில்லை, ஒளிந்தும் போகவில்லை. வழிநெடுக ஊர்க்காரர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், சிங்களவரும் முஸ்லிம்களும் கூட நடந்தார்கள். கேட்டவற்றில் காணி உரிமையும் இருந்தது. அதற்கு முன்பே சில தோட்டங்களில் ஏழு பேர்ச் (நில அளவு) காணியோடு தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டிருந்தன. பத்துப் பேர்ச் பேச்சும் வந்தது. பெரும்பாலான குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான். ஆகஸ்டில் அந்த நடை மாத்தளையில் முடிந்தபோது, போனவர்கள் கையில் இருந்தது கோரிக்கைக் கடிதம். உறுதிப்பத்திரம் அப்போதும் வரவில்லை.